மோல் கணக்கு: பிளஸ் ஒன் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பிளஸ் ஒன் அறிவியல் பிரிவு மாணவ மாணவியருக்கு,

உங்கள் வேதியியல் புத்தகத்தின் முதல் பாடமே கணக்குப் பாடம். பத்தாம் வகுப்பில் சில பக்கங்களில் பார்த்துவிட்டு வந்த மோல், இங்கே எடுத்த எடுப்பிலேயே வந்து நிற்கிறது. அதைக் கடந்து கரைசல்கள் பாடத்துக்குப் போனால் மோலாரிட்டி, மோலாலிட்டி, நார்மாலிட்டி, மோல் பின்னம், பிபிஎம் என்று பெயர்கள் வரிசை கட்டுகின்றன. "எனக்கு கெமிஸ்ட்ரி வராது" என்று ஒரு பிள்ளை தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொள்வது பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில்தான். அந்தத் தீர்ப்பு செல்லாது என்று சொல்லத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

நீண்ட காலமாக இந்தப் பாடத்தை நடத்தியும் விடைத்தாள்களைத் திருத்தியும் வருகிறேன். பெருக்கத் தெரியாமலோ வகுக்கத் தெரியாமலோ மோல் கணக்கில் தோற்றவர்கள் மிகக் குறைவு. கேள்வியைப் படித்து முடிப்பதற்குள், "இதுக்கு எந்த ஃபார்முலா மிஸ்?" என்ற குரல் வந்துவிடும். அங்கேதான் கணக்கு கைநழுவுகிறது. சூத்திரங்கள் பத்துப் பன்னிரண்டு இருக்கின்றன. எல்லாமே ஒரே முகம் கொண்டவை. மனப்பாடம் செய்தவர்களுக்குத் தேர்வறையில் எது எதற்கு என்று குழம்பிப் போகிறது. சூத்திரத்தைத் தேடும் முன் இரண்டே கேள்விகளைக் கேட்டுப் பழகுங்கள். எதை எண்ணுகிறோம்? எவ்வளவில் எண்ணுகிறோம்? பிளஸ் ஒன்னிலும் பிளஸ் டூவிலும் நீங்கள் சந்திக்கப் போகும் மோல் கணக்கு, செறிவுக் கணக்கு எல்லாமே இந்த இரண்டு கேள்விகளுக்குள் அடங்கும்.

முதலில் எண்ணுவதைப் பார்ப்போம். அணுக்கள் எடை பார்த்துச் சேர்வதில்லை, எண்ணிக்கை பார்த்துச் சேர்கின்றன. ஓர் ஆக்சிஜன் அணுவுக்கு இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் என்பதுதான் தண்ணீரின் விதி. நம்மிடம் இருப்பதோ தராசு மட்டும். அது கிராம் சொல்லும், எண்ணிக்கை சொல்லாது. எடை போட்டே எண்ணிவிட ஒரு வழி வேண்டும். புது நெல் ரகத்தைப் பற்றி வேளாண் துறையினர் எழுதும்போது 'ஆயிரம் மணி எடை' என்று ஓர் அளவு கொடுப்பார்கள். ஒரு ரகத்தில் ஆயிரம் மணி 16 கிராம் என்று வைத்துக்கொண்டால் ஒரு கிலோவில் 62,500 மணிகள். இன்னொரு ரகத்தில் ஆயிரம் மணி 25 கிராம் என்றால் அதே ஒரு கிலோவில் 40,000 மணிகள்தான். எடை ஒன்றே, எண்ணிக்கை வேறு. மோலார் நிறை என்பதும் இதே வகை அளவுதான். ஆயிரத்துக்குப் பதில் 6.022 × 10²³ என்ற எண், நெல்மணிக்குப் பதில் அணுவோ மூலக்கூறோ அயனியோ. சோடியம் குளோரைடின் மோலார் நிறை 58.5 கிராம் என்றால், அந்தப் பெரிய எண்ணிக்கையுள்ள உப்பு அலகுகளின் எடை 58.5 கிராம் என்று பொருள். 9 கிராம் உப்பில் எத்தனை மோல் என்று கேட்டால் 9-ஐ 58.5-ஆல் வகுக்கிறோம். 0.154 வருகிறது. சூத்திரம் என்று இங்கே தனியாக எதுவும் இல்லை. எடையைக் கொடுத்து எண்ணிக்கையை வாங்கினோம், அவ்வளவே.

அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இத்தாலிக்காரரான அமேடியோ அவகாட்ரோ 1811-இல் சொன்னது, ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் உள்ள சம பருமன் வாயுக்களில் சம எண்ணிக்கை மூலக்கூறுகள் இருக்கும் என்பதை மட்டும்தான். எத்தனை என்று அவருக்குத் தெரியாது. அவர் 1856-இல் இறந்தபோதும் அவர் கருத்தைப் பெரும்பாலோர் ஏற்றிருக்கவில்லை. 1860-இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் வேதியியலாளர்கள் கூடியபோது, அவர் நாட்டவரான கனிசாரோதான் அந்தக் கருத்துக்கு உயிர் கொடுத்தார். 1865-இல் லோஷ்மிட் என்ற விஞ்ஞானி மூலக்கூறின் அளவை முதன்முதலாகக் கணித்தார்; எண்ணிக்கையை மதிப்பிட அது வழி திறந்தது. அவகாட்ரோவின் பெயரை இந்த எண்ணுக்குச் சூட்டியவர் பிரெஞ்சு இயற்பியலாளர் ஜான் பெரன், ஆண்டு 1909. பிறகு 1926-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 2019 மே 20 முதல் இந்த எண் 6.02214076 × 10²³ என்று உலகம் முழுவதற்கும் நிலையாக வரையறுக்கப்பட்டுவிட்டது. 12 கிராம் கார்பன்-12-ஐ அடிப்படையாகக் கொண்ட பழைய வரையறை இன்று கிடையாது. சில வழிகாட்டி நூல்களில் இன்னும் பழையதே இருக்கிறது. கணக்கின் விடை அதனால் மாறாது என்றாலும் வரையறையைக் கேட்டால் புதியதை எழுதுங்கள்.

விடைத்தாளில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் ஒரு தவறு இந்த எண்ணோடு சேர்ந்தது. ஒரு துளித் தண்ணீரில் எத்தனை மூலக்கூறுகள் என்று கேட்டிருப்போம். 0.05 கிராமை 18-ஆல் வகுத்துச் சரியாக 0.0028 மோல் என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் அவகாட்ரோ எண்ணால் பெருக்குவதற்குப் பதில் வகுத்துவிடுவார்கள். விடை 10-இன் அடுக்கு மைனஸ் 27 என்று வரும். அதற்கு அடிக்கோடிட்டுக் கட்டமும் போட்டிருப்பார்கள். ஒரு துளி நீரில் ஒரு மூலக்கூறுகூட இல்லை என்று அந்த விடை சொல்கிறது. எதை எண்ணுகிறோம் என்ற கேள்வி மனதில் இருந்தால் பேனா அங்கேயே நின்றுவிடும். சரியான விடை ஏறத்தாழ 1.7 × 10²¹. எண்ணிக்கை கேட்ட கணக்கில் ஒன்றுக்குக் குறைவாக விடை வந்தால், எந்தப் படியில் தலைகீழானது என்று திரும்பிப் பாருங்கள்.

வாயுவின் பருமனிலிருந்தும் மோலுக்குப் போகலாம். 0 டிகிரி செல்சியசில் 1 வளிமண்டல அழுத்தத்தில் ஒரு மோல் 22.4 லிட்டர், அழுத்தம் 1 பார் என்று கொடுத்திருந்தால் 22.7 லிட்டர். கேள்வியில் எந்த அழுத்தம் என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

இனி கரைசலுக்கு வருவோம். இங்கே இரண்டாவது கேள்விதான் முக்கியம்: எவ்வளவில்? செறிவு என்பது எப்போதும் ஒரு பின்னம். மேலே கரைபொருள், கீழே இன்னொன்று. மோலாரிட்டியில் கீழே இருப்பது ஒரு லிட்டர் கரைசல். மோலாலிட்டியில் ஒரு கிலோகிராம் கரைப்பான். நிறை சதவீதத்தில் நூறு கிராம் கரைசல். இவ்வளவுதான் வேறுபாடு. ஆனால் பலரும் கீழே உள்ளதைப் படிக்காமல் மேலே உள்ளதை மட்டும் மனப்பாடம் செய்கிறார்கள். பின்னத்தின் கோட்டைப் போட்டு, கோட்டுக்குக் கீழே என்ன வரும் என்று வார்த்தையில் எழுதாமல் எண்ணைக் கையில் எடுக்காதீர்கள்.

உங்கள் ஆய்வகத்தில் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலப் பாட்டில் இருக்கும். ஆசிரியர் அனுமதியோடு அதன் லேபிளைப் படியுங்கள். நிறை சதவீதம் 37, ஒரு மில்லிலிட்டரின் எடை 1.18 கிராம் என்பதுபோல எழுதியிருக்கும். மோலாரிட்டி எழுதியிருக்காது. ஒரு லிட்டர் அமிலத்தை எடுத்துக்கொள்வோம். அதன் எடை 1,180 கிராம். அதில் 37 சதவீதம் ஹைட்ரஜன் குளோரைடு, அதாவது 436.6 கிராம். மோலார் நிறை 36.5, வகுத்தால் 11.96 மோல். ஆக, 12 மோலார். இப்போது அதே பாட்டிலின் மோலாலிட்டி என்ன? நூறு கிராம் அமிலத்தில் 37 கிராம் ஹைட்ரஜன் குளோரைடு, 63 கிராம் தண்ணீர். 37-ஐ 36.5-ஆல் வகுத்தால் 1.014 மோல். அது 63 கிராம் தண்ணீருக்கு; ஒரு கிலோ தண்ணீருக்கு 16.1 மோல். ஒரே பாட்டில், ஒரே திரவம். மோலாரிட்டி 12, மோலாலிட்டி 16. மாறியது கோட்டுக்குக் கீழே இருப்பது மட்டும்தான். இந்த ஒரு கணக்கை வழிகாட்டி நூலைப் பார்க்காமல் நீங்களாகப் போட்டுவிட்டால், கரைசல்கள் பாடத்தின் பாதிக் கணக்குகள் உங்களுக்குப் புதிதாகத் தெரியாது.

மெல்லிய கரைசலில் இந்த இடைவெளி சுருங்கிவிடும். 0.1 மோலார் உப்புக் கரைசலில் மோலாரிட்டியும் மோலாலிட்டியும் ஏறக்குறைய ஒன்றே. அதனால்தான் பலருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றி, அடர் அமிலக் கணக்கு வந்ததும் சறுக்குகிறது. இன்னொன்று: கரைசலின் பருமன் வெப்பத்தில் கூடும், குளிரில் குறையும், எடை மாறாது. எனவே மோலாரிட்டி வெப்பநிலையோடு சற்று மாறும், மோலாலிட்டி மாறாது. உங்கள் திட்டக் குடுவையின் கழுத்துக்குக் கீழே 20 டிகிரி என்றோ 27 டிகிரி என்றோ அச்சிட்டிருப்பது இதனால்தான்.

அந்தக் குடுவையைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு மோலார் கரைசல் என்றால் ஒரு மோலை ஒரு லிட்டர் தண்ணீரில் போடுவது என்று எழுதுகிறவர்கள் அதிகம். கரைபொருளும் இடம் பிடிக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் போட்டால் கரைசல் சரியாக ஒரு லிட்டராக நிற்காது. முதலில் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, பிறகு கழுத்தில் உள்ள கோடு வரை நீர் ஊற்றி நிரப்ப வேண்டும். அமிலமாக இருந்தால் தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றவே கூடாது. மேலே சொன்ன 12 மோலார் அமிலத்திலிருந்து 250 மில்லிலிட்டர் 0.1 மோலார் கரைசல் தயாரிக்க எவ்வளவு அமிலம் வேண்டும்? தேவைப்படுவது 0.025 மோல், 12-ஆல் வகுத்தால் 0.00208 லிட்டர், அதாவது இரண்டு மில்லிலிட்டருக்குச் சற்று மேல். அவ்வளவு சிறிதா என்று வியப்பாக இருந்தால், அந்த வியப்பே உங்களுக்கு அடர் அமிலத்தின் மீது மரியாதையைக் கற்றுத்தரும்.

இப்போது மிக அதிக மதிப்பெண்களைக் கொண்டுபோகும் இடம். எம்₁வி₁ = எம்₂வி₂ என்ற சமன்பாடு உங்கள் எல்லோருக்கும் தெரியும், பிடிக்கவும் செய்யும். அது சொல்வது ஒரே ஒரு செய்தி: தண்ணீர் ஊற்றி நீர்க்கச் செய்யும்போது கரைபொருளின் மோல் எண்ணிக்கை மாறாது. நீர்த்தலுக்கு அது சரி. தரம் பார்த்தலில் அதே சமன்பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு போடக் கூடாது. அங்கே இரண்டு வெவ்வேறு பொருட்கள் வினைபுரிகின்றன. எந்த விகிதத்தில் என்று கேட்காமல் கணக்கு நகராது.

ஆக்சாலிக் அமிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு மூலக்கூறுக்கு இரண்டு சோடியம் ஹைட்ராக்சைடு தேவை. 0.05 மோலார் ஆக்சாலிக் அமிலம் 20 மில்லிலிட்டர் எடுத்தால் அதில் 1 மில்லிமோல். அதற்கு 2 மில்லிமோல் காரம் வேண்டும். பியூரெட்டில் 20 மில்லிலிட்டர் இறங்கியிருந்தால் காரத்தின் செறிவு 0.1 மோலார். எம்₁வி₁ = எம்₂வி₂ போட்டவருக்கு 0.05 என்று வரும், சரியாகப் பாதி. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டில் இது இன்னும் பெரிய பிழையாகும். அமிலக் கரைசலில் ஒரு பெர்மாங்கனேட் அயனி ஐந்து ஃபெர்ரஸ் அயனிகளை ஆக்சிஜனேற்றுகிறது. 0.02 மோலார் பெர்மாங்கனேட் 10 மில்லிலிட்டரும் ஃபெர்ரஸ் அயனி கொண்ட 0.1 மோலார் மோர் உப்புக் கரைசல் 10 மில்லிலிட்டரும் ஒன்றுக்கொன்று சரியாகப் போதும். விகிதத்தை மறந்தவருக்கு விடை ஐந்து மடங்கு தவறும்.

நார்மாலிட்டி இந்தத் தொல்லையைத் தீர்க்க வந்தது. சமான நிறைக்குள்ளேயே அந்த இரண்டையும் ஐந்தையும் ஒளித்து வைத்துவிடுவதால் என்₁வி₁ = என்₂வி₂ எல்லாத் தரம் பார்த்தலுக்கும் பொருந்துகிறது. செய்முறைத் தேர்வில் அது வசதிதான், பயன்படுத்துங்கள். ஆனால் முதலில் கற்க வேண்டியது மோல் விகிதம் என்பதே என் உறுதியான கருத்து. சமன் செய்த வினையை எழுதி, அதன் தலையில் உள்ள எண்களைப் பார்த்து மோலிலிருந்து மோலுக்குப் போகத் தெரிந்த பிள்ளைக்கு நார்மாலிட்டி ஒரு மணி நேரப் பாடம். நார்மாலிட்டியில் தொடங்கிய பிள்ளைக்கு, பெர்மாங்கனேட்டின் சமான நிறை ஏன் அமிலத்தில் 158-இல் ஐந்தில் ஒரு பங்கு, வேறு இடத்தில் ஏன் அப்படி இல்லை என்பது கடைசிவரை புரியாமலே போய்விடுகிறது.

எடை போடும்போது இன்னொரு கண்ணி உண்டு. ஆய்வகத்தில் கிடைக்கும் ஆக்சாலிக் அமிலப் படிகத்தில் இரண்டு நீர் மூலக்கூறுகள் சேர்ந்திருக்கின்றன. அதன் மோலார் நிறை 126, நீரற்றதற்குத்தான் 90. 250 மில்லிலிட்டர் 0.05 மோலார் கரைசலுக்கு 1.575 கிராம் படிகம் வேண்டும். 90-ஐப் போட்டு 1.125 கிராம் எடுத்தவரின் கரைசல் 0.036 மோலார்தான் இருக்கும். அதற்குப் பிறகு எத்தனை கவனமாகத் தரம் பார்த்தாலும் பயனில்லை. எதை எண்ணுகிறோம் என்ற முதல் கேள்வியை இங்கேயும் கேட்க வேண்டும். தராசில் இருப்பது எந்தப் பொருள், படிக நீரோடா, இல்லாமலா?

இதெல்லாம் தேர்வுக்கு மட்டும்தானே என்று நினைக்கிறவர்களுக்காக ஒரு பொட்டலத்தைப் பற்றி எழுதப் போகிறேன். வயிற்றுப்போக்கு வந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம். உலக சுகாதார நிறுவனம் 2002-இல் பரிந்துரைத்த கலவையில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு சோடியம் குளோரைடு 2.6 கிராம், நீரற்ற குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், ட்ரைசோடியம் சிட்ரேட் டைஹைட்ரேட் 2.9 கிராம். கிராமில் பார்த்தால் குளுக்கோஸ் மிக அதிகம், உப்பு மிகக் குறைவு. இப்போது மோலில் எண்ணுங்கள். குளுக்கோஸ் 13.5-ஐ 180-ஆல் வகுத்தால் 0.075 மோல், அதாவது 75 மில்லிமோல். சோடியம் குளோரைடு 2.6-ஐ 58.5-ஆல் வகுத்தால் 44.4 மில்லிமோல். சிட்ரேட் 2.9-ஐ 294-ஆல் வகுத்தால் 9.9 மில்லிமோல், ஆனால் ஒவ்வொரு சிட்ரேட்டோடும் மூன்று சோடியம் அயனிகள் வருகின்றன, ஆகவே 29.6 மில்லிமோல் சோடியம். இரண்டையும் கூட்டினால் சோடியம் 74. கலவையை வகுத்தவர்கள் வைத்த இலக்கு 75. குளுக்கோஸும் 75, சோடியமும் 75.

இது தற்செயல் இல்லை. நம் சிறுகுடலின் சுவரில் சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்தே உள்ளே கொண்டுபோகும் ஒரு புரதம் இருக்கிறது. வயிற்றுப்போக்கு நேரத்திலும் அது வேலை செய்கிறது. இவை இரண்டும் உள்ளே போனால் தண்ணீரும் பின்னாலேயே போகும். குடல் கிராமை அறியாது. அதற்கு வருவது மூலக்கூறுகளும் அயனிகளும்தான். இந்தக் கலவையை யோசித்தவர்கள் மோலில் யோசித்ததால்தான் அது பலிக்கிறது. 1971-இல் வங்கதேசப் போரின்போது எல்லையில் இருந்த பன்கான் அகதி முகாமில் காலரா பரவியது. கொல்கத்தாவைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் திலீப் மஹாலனாபிஸ், சிரை வழியாக ஏற்றும் திரவம் போதாமல் போன நிலையில், உப்பும் சமையல் சோடாவும் குளுக்கோஸும் அளந்து கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தே ஏராளமானோரைக் காப்பாற்றினார். அவர் 2022-இல் காலமானார். அடுத்த ஆண்டு பத்ம விபூஷண் அவருக்கு மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது.

கணக்கை இன்னும் ஒரு படி கொண்டுபோவோம். மேலே சொன்ன கலவையில் சோடியம் 75, குளோரைடு 65, குளுக்கோஸ் 75, பொட்டாசியம் 20, சிட்ரேட் 10. கூட்டினால் லிட்டருக்கு 245 மில்லிமோல் துகள்கள். அதற்கு முந்தைய கலவையில் இந்தக் கூட்டுத்தொகை 311. நம் ரத்தத்தில் ஏறத்தாழ 275 முதல் 295 வரை. குடலுக்குள் இருக்கும் நீர் ரத்தத்தைவிடச் செறிவாக இருந்தால் உடலிலிருந்து குடலுக்குத் தண்ணீர் இழுக்கப்படும். நோயாளிக்கு அது கேடு. புதிய கலவையில் செறிவைக் குறைத்ததன் காரணம் இதுவே. இப்போது ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை யாரோ ஒரு 200 மில்லி டம்ளரில் கரைத்துக் குழந்தைக்குக் கொடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தில் ஒரு பங்கு நீர். செறிவு ஐந்து மடங்கு, 1,225. மருந்தே தீங்காகிவிடுகிறது. கோட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள் என்று நான் வகுப்பில் வற்புறுத்துவது இந்த டம்ளரை நினைத்துத்தான். பொட்டலத்தின் மேல் எவ்வளவு தண்ணீர் என்று எழுதியிருக்கும். 200 மில்லிக்கான சிறு பொட்டலமும் உண்டு, ஒரு லிட்டருக்கானதும் உண்டு. வீட்டில் கலக்குகிறவர்களுக்கு அதைப் படித்துச் சொல்லும் பொறுப்பு உங்களுடையது.

மருந்துக் கடையில் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரோடு வண்ணப் பெட்டிகளில் இனிப்புப் பானங்களும் விற்றுவந்தன. உலக சுகாதார நிறுவனத்தின் கலவைக்குப் பொருந்தாத பானங்கள் அந்தப் பெயரை வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் உத்தரவிட்டது. ஏன் என்று நீங்களே கணக்கிடலாம். ஒரு பானத்தில் நூறு மில்லிக்கு 11 கிராம் சர்க்கரை என்று எழுதியிருந்தால் லிட்டருக்கு 110 கிராம். சுக்ரோசின் மோலார் நிறை 342. வகுத்தால் 0.32 மோல். சர்க்கரை மட்டுமே 320 மில்லிமோல். சோடியமோ பெயரளவுக்கு இருக்கும். லேபிளைப் படித்து இதைச் சொல்ல ஒரு பிளஸ் ஒன் மாணவியால் முடியும்.

உங்களில் பலருக்கு மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ உறவினர்கள் இருப்பார்கள். வெறும் வயிற்றில் சுகர் 7 என்று அங்கிருந்து அத்தை சொல்வார். இங்கே பாட்டிக்கு 126 என்று ரிப்போர்ட் வரும். இரண்டும் ஒரே அளவு. இங்கே டெசிலிட்டருக்கு மில்லிகிராம், அங்கே லிட்டருக்கு மில்லிமோல். 126 மில்லிகிராம் ஒரு டெசிலிட்டரில் என்றால் லிட்டருக்கு 1.26 கிராம், 180-ஆல் வகுத்தால் 0.007 மோல், அதாவது 7 மில்லிமோல். 18-ஆல் வகுத்தால் போதும் என்று பலர் சொல்வது குளுக்கோசின் மோலார் நிறை 180 என்பதால். கொலஸ்ட்ராலுக்கு அந்த 18 செல்லாது. அதன் மோலார் நிறை சுமார் 387, எனவே 38.7-ஆல் வகுக்க வேண்டும். 200 என்றால் 5.2. எந்தப் பொருள் என்று கேட்காமல் மோலுக்கு மாற முடியாது.

பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு, எளிய கணக்கு. நீர்த்த நீர்க் கரைசலில் ஒரு லிட்டர் ஏறத்தாழ ஒரு கிலோ என்பதால் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்பதே ஒரு பிபிஎம். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரின் ஃப்ளோரைடு பல்லையும் எலும்பையும் பாதித்ததால்தான் 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் செயல்பாட்டுக்கு வந்தது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் ஃப்ளோரைடின் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம், உச்ச வரம்பு 1.5. வரம்பில் நிற்கும் அந்தத் தண்ணீர் ஒரு டம்ளரில், 200 மில்லியில், எத்தனை ஃப்ளோரைடு அயனிகள் என்று போட்டுப் பாருங்கள். ஃப்ளோரினின் அணு நிறை 19. விடை 9.5 × 10¹⁸ வர வேண்டும்.

பயிற்சி செய்வதைப் பற்றி என் வேண்டுகோள் சிறியது. நீட் தேர்விலும் கால்குலேட்டர் கிடையாது, உங்கள் பிளஸ் டூ பொதுத்தேர்விலும் கிடையாது. ஆகவே எண்களைப் போடும் முன் விடை சுமாராக எவ்வளவு இருக்கும் என்று மனதில் மதிப்பிடுங்கள். 9-ஐ 58.5-ஆல் வகுக்கும் முன், 9-ஐ 60-ஆல் வகுத்தால் 0.15 என்று தெரிந்துவிடும். மருத்துவமனையில் ஏற்றும் சலைனில் நூறு மில்லிக்கு 0.9 கிராம் உப்பு. லிட்டருக்கு 9 கிராம், 0.154 மோலார், அதாவது 154 மில்லிமோல். அந்தப் பாட்டிலிலேயே சோடியம் 154, குளோரைடு 154 என்று அச்சிட்டிருக்கும். நீங்கள் போட்ட விடை அச்சில் இருப்பதைப் பார்ப்பதற்கு ஈடான ஊக்கம் வேறில்லை. தூய தண்ணீரிலேயே லிட்டருக்கு 55.5 மோல் தண்ணீர்தான் இருக்கிறது. உப்புக் கரைசலின் மோலாரிட்டி 60 என்று உங்களுக்கு விடை வந்தால் எங்கோ மில்லிலிட்டர், லிட்டர் மாற்றத்தில் பிசகியிருக்கிறீர்கள்.

ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் அலகை எழுதுங்கள். வெறும் 0.025 என்று எழுதாதீர்கள், 0.025 மோல் ஆக்சாலிக் அமிலம் என்று எழுதுங்கள். முதல் இரண்டு வாரம் கை வலிக்கும், நேரமும் பிடிக்கும். பிறகு தவறுகள் தாமாகவே கண்ணில் படத் தொடங்கும். ஒரே மாதிரிக் கணக்குகளை முப்பது போடுவதைவிட, ஒரே கணக்கை நான்கு விதமாகத் திருப்பிப் போடுவது பயன் தரும். எடை கொடுத்துச் செறிவைக் கேட்டிருந்தால், செறிவைக் கொடுத்து எடையைக் கேளுங்கள், மோலாரிட்டியை மோலாலிட்டியாக்குங்கள், பிறகு அதில் பாதி நீர் சேர்த்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். கேள்வியை நீங்களே உருவாக்கும்போது எந்தத் தகவல் இல்லாமல் விடை வராது என்பது தெரிந்துவிடும். அடர்த்தி கொடுக்காவிட்டால் மோலாலிட்டியிலிருந்து மோலாரிட்டிக்குப் போக முடியாது என்பதை அப்படித்தான் நீங்களாகக் கண்டுபிடிப்பீர்கள்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். கணக்கு தப்பாகப் போனால் ஆசிரியரிடம் போய் விடை என்ன என்று கேட்காதீர்கள். உங்கள் நோட்டை அப்படியே எடுத்துப் போய், எந்த வரியில் பிசகினேன் என்று கேளுங்கள். அடித்துவிட்டு மறுபடி எழுதிய பக்கம் வேண்டாம். முதலில் எழுதிய பக்கமே வேண்டும். எந்த ஆசிரியரும் அந்தக் கேள்விக்கு நேரம் ஒதுக்குவார்.

அன்புடன்,
ஒரு வேதியியல் ஆசிரியை